ஆகாய அலையும் ஆடிப் பதினெட்டும்

பிறருக்கு யோசனை சொல்வதில் ஒரு பெரிய சௌகரியம் இருக்கிறது. யோசனை பலித்தால் பெருமை சொன்னவருக்கு. பலிக்காமற் போனால் நஷ்டம் கேட்டவருக்கு. இந்தப் பக்கத்தில் வாரந்தோறும் நான் அனுபவித்து வரும் சௌகரியம் இதுதான். ஆனால் சென்ற ஆனி மாதத்தில் இந்த ஏற்பாட்டுக்கு ஒரு பங்கம் நேர்ந்தது. நான் சொன்ன யோசனையின் பலனை அடுத்த வீட்டில் உட்கார்ந்து என் கண்ணாலேயே பார்க்கும்படி ஆயிற்று. அதை ஒளிக்காமல் எழுதிவிடுவதுதான் நியாயம் என்று தோன்றுகிறது. வீட்டு மடிக்கணினிக்குக் கம்பியில்லா இணைப்புச் சாதனம் வாங்க நினைக்கும் குடும்பங்களுக்கு இதனால் சில ஆயிரம் ரூபாய் மிச்சமாகலாம்.

எங்கள் தெரு சிவகாசியில் இருக்கிறது. அடுத்த வீட்டு அம்மாள் இருபது வருஷமாகத் தீப்பெட்டி ஆபீசுக்குப் போய் வருகிறவர். வெளியூர் வாசகர்களுக்கு ஒரு வார்த்தை: எங்கள் சீமையில் 'ஆபீஸ்' என்றால் மேஜையும் நாற்காலியும் உள்ள இடம் என்று நினைத்துவிடக் கூடாது. தீப்பெட்டி செய்யும் இடம் தீப்பெட்டி ஆபீஸ். பட்டாசு செய்யும் இடம் பட்டாசு ஆபீஸ். அந்த அம்மாளுக்கு ஒரே மகள். விருதுநகரில் கல்லூரிப் படிப்பை முடித்துவிட்டு, வீட்டிலிருந்தபடியே காலண்டருக்குப் படம் அமைத்துக் கொடுக்கும் வேலை செய்கிறாள். தாய் நெருப்புக் குச்சியுடன் கழித்த காலத்தை மகள் கழிக்க வேண்டாம் என்பதுதான் அந்த வீட்டின் ஒரே லட்சியம்.

ஆடிப் பதினெட்டு என்றதும் காவேரிக் கரையில் உள்ளவர்களுக்குப் புதுப்புனலும் சித்திரான்னமும் ஞாபகத்துக்கு வரும். காவேரி எட்டிப் பாராத எங்கள் ஊருக்கும் அது பெரிய நாள்தான். அடுத்த வருஷத்துக் காலண்டர் மாதிரிகளைத் தொகுத்த ஆல்பத்தை அச்சகத்தார் அன்றைக்குப் பூஜை போட்டு வெளியிடுவது வழக்கம். ஆடிப் பதினெட்டில் ஆல்பம் கையில் இருக்க வேண்டுமானால், ஆனி முடிவதற்குள் படங்கள் தயாராகிவிட வேண்டும். உள்ளூர் அச்சகத்துக்கு நேரே கொடுப்பதானால் ஒரு பென்டிரைவைக் கையில் எடுத்துக்கொண்டு நடந்தே போய்க் கொடுத்துவிடலாம். அந்தப் பெண்ணுக்கு வேலை கொடுப்பவரோ சென்னையில் இருக்கும் ஓர் ஏஜெண்டு. படங்கள் முதலில் அவரிடம் போய்ச் சேர வேண்டும், அவர் பார்த்துத் திருத்தம் சொல்ல வேண்டும், பிறகுதான் அச்சுக்கு.

ஒரு தொகுப்புப் படம் சுமார் 1.2 ஜிகாபைட் கனம். கைப்பேசித் திட்டத்தில் ஒரு நாளைக்குக் கிடைக்கும் படியளவு இதற்குப் போதாது என்று, சீட்டு எடுத்த பணத்தில் வீட்டுக்குக் கண்ணாடி இழை இணைப்பு வாங்கினார்கள். நொடிக்கு 100 மெகாபிட் என்று திட்டம். அப்படியிருந்தும் மடிக்கணினியில் படம் நகர மறுத்தது. முக்கால் பாகம் போனதும் அறுந்துவிடும். மறுபடியும் ஆதியிலிருந்து ஆரம்பம். முதல் தொகுப்பு இரண்டு நாள் தாமதமாயிற்று. ஏஜெண்டு அந்த வேலையை வேறொருவருக்குக் கொடுத்துவிட்டார்.

அப்போதுதான் அந்த அம்மாள் என்னிடம் வந்தார். "அண்ணாச்சி, நீங்க நாலும் தெரிஞ்சவுக. பிள்ளைக்கு என்ன வாங்கிக் கொடுக்கலாம்னு சொல்லுங்க" என்றார்.

நாலும் தெரிந்தவன் என்று ஒருவனைச் சொல்லிவிட்டால், அப்புறம் அவனுக்கு ஐந்தாவதும் தெரியத்தான் செய்யும். முதலில் மடிக்கணினியை என் வீட்டுக்கு எடுத்து வரச் சொல்லி, என் இணைப்பில் முயன்று பார்த்தோம். அங்கும் அதே நத்தை வேகம். அப்போதே எனக்குப் புத்தி வந்திருக்க வேண்டும். "என் வீட்டுப் பெட்டியும் பழசு அம்மா, அதனால்தான்" என்று காரணம் கற்பித்துவிட்டு, கடையில் கண்ட ஆறு கொம்பு ரவுட்டர் ஒன்றைச் சிபாரிசு செய்தேன். விலை ஐயாயிரத்துக்குச் சற்று மேல். வாங்கினார்கள். ஆறு கொம்புகளும் நிமிர்ந்து நின்றன. வேகம் மட்டும் நிமிரவில்லை.

அந்த அம்மாள் என்னைக் குறை சொல்லி ஒரு வார்த்தை பேசவில்லை. பேசியிருந்தால் எனக்கு எவ்வளவோ நிம்மதியாக இருந்திருக்கும்.

கல்கத்தாவில் வெடித்த மருந்து

கதையை இங்கே சற்று நிறுத்திவிட்டு, இந்தக் கம்பியில்லா விவகாரம் நம்முடைய தேசத்துக்கு எவ்வளவு பழசு என்பதைப் பார்க்கலாம்.

1895-ஆம் வருஷத்தில் ஜகதீச சந்திர போஸ் கல்கத்தா நகர மண்டபத்தில் ஒரு வேடிக்கை காட்டினார். ஓர் இடத்திலிருந்து கண்ணுக்குத் தெரியாத மின் அலைகளைக் கிளப்பினார். அவை சுவரைக் கடந்தன. அங்கே இருந்த வங்காள லெப்டினன்ட் கவர்னரின் சரீரத்தையும் கடந்தன. சுமார் 75 அடி தூரத்தில் ஒரு மணியை அடித்தன. கொஞ்சம் வெடிமருந்தையும் வெடிக்கச் செய்தன. சிவகாசிக்காரர்கள் பயப்பட வேண்டாம். அலை நேரே போய் மருந்தைப் பற்ற வைத்துவிடவில்லை. அலையைக் கண்டதும் விழித்துக்கொள்ளும் ஒரு கருவி அங்கே காத்திருந்தது. அது ஒரு மின்சாரச் சுற்றை மூடியது. மருந்தைக் கொளுத்தியது அந்தச் சுற்றின் மின்சாரம். கம்பியில்லாச் சாதனங்களின் முழு ரகசியமும் இதில் அடங்கியிருக்கிறது. அனுப்புகிறவன் எவ்வளவு கெட்டிக்காரனானாலும், வாங்கிக்கொள்கிறவன் விழித்திருந்தால்தான் காரியம் நடக்கும். இந்த வாக்கியத்தை வாசகர்கள் சற்று ஞாபகத்தில் வைத்துக்கொள்ளட்டும்.

போஸ் கையாண்ட அலைகள் மில்லிமீட்டர் கணக்கில் நீளமுள்ளவை. அவ்வளவு சிற்றலைகளை அந்தக் காலத்தில் ஆண்டவர் அபூர்வம். அலையை வாங்கிக்கொள்ளும் அவருடைய படிகக் கருவிக்கு 1904-இல் அமெரிக்காவில் காப்புரிமையும் கிடைத்தது. அதே கல்கத்தாவுக்குத்தான் 1922-இல் சிவகாசியிலிருந்து அய்ய நாடாரும் சண்முக நாடாரும் தீப்பெட்டித் தொழில் கற்கப் போனார்கள். கற்றுத் திரும்பிய இருவரால் இந்த வானம் பார்த்த பூமியில் தீப்பெட்டியும், அதன் பின்னே பட்டாசும் அச்சுத் தொழிலும் வேரூன்றின. பக்கத்தில் விருதுபட்டி விருதுநகர் என்று பெயர் மாறியது 1923-இல். ஆக, இன்றைக்கு எங்கள் தெருவில் காலண்டர் படம் ஆகாய மார்க்கமாகப் போவதற்கு இரண்டு விதத்தில் கல்கத்தாவுக்குக் கடன்பட்டிருக்கிறோம்.

அலைகளை ஜனங்கள் இஷ்டம்போல் உபயோகிக்கச் சர்க்கார் எளிதில் விட்டுவிடவில்லை. 1933-ஆம் வருஷத்துச் சட்டப்படி கம்பியில்லாக் கருவி எதுவானாலும் வைத்திருக்க லைசென்ஸ் வேண்டியிருந்தது. ரேடியோப் பெட்டிக்காகத் தபாலாபீசில் பணம் கட்டியதை வயதானவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். வைஃபை என்ற பெயர் 1999-இல் பிறந்தது. நம் தேசத்தில் அதற்குரிய 2.4 ஜிகாஹெர்ட்ஸ் அலைவரிசைக்கு லைசென்ஸ் வேண்டாம் என்று ஆனது 2005-இல். 5 ஜிகாஹெர்ட்ஸ் அலைவரிசையின் பெரும் பகுதி 2018-இல் திறந்துவிடப்பட்டது.

இரண்டு ஸ்தாயிகள்

இந்த 2.4, 5 என்ற இரண்டு எண்களும் தெரிந்தால் பாதி வித்தை தெரிந்த மாதிரி. சங்கீத ரசிகர்கள் இவற்றை மந்தர ஸ்தாயி, தார ஸ்தாயி என்று வைத்துக்கொள்ளலாம். கோயில் முரசின் சத்தம் நாலு தெரு தாண்டிக் கேட்கும். நாதசுரத்தின் நுட்பமோ பந்தலுக்குள் இருப்பவர்களுக்குத்தான். அதுபோல் 2.4-இன் அலை சுமார் 12 சென்டிமீட்டர் நீளமுள்ளது. சுவர்களை ஒருவாறு கடந்து தூரம் போகும். ஆனால் கொண்டு செல்லும் சுமை குறைவு. 5-இன் அலை அதில் பாதி நீளம். அதிகச் சுமை தூக்கும். ஒன்றிரண்டு சுவரிலேயே களைத்துவிடும்.

2.4-க்கு இன்னொரு கஷ்டம் உண்டு. அதில் 13 வாய்க்கால்கள் இருப்பதாகப் பெயர். ஒன்றோடொன்று மோதாமல் ஓடக்கூடியவை 1, 6, 11 என்ற மூன்றுதான். நெருக்கமான தெருவில் இருபது வீட்டுப் பெட்டிகள் இந்த மூன்று வாய்க்காலில் முண்டியடிக்கின்றன. போதாக்குறைக்கு மைக்ரோவேவ் அடுப்பும் புளூடூத் கருவிகளும் அங்கேயேதான் புழங்குகின்றன. எங்கள் தெருவிலே வீட்டுக்கும் வீட்டுக்கும் பொதுச் சுவர். அலைகள் பத்திரம் பார்த்து எல்லையில் நிற்பதில்லை.

பெட்டியின் மேல் போட்டிருக்கும் தலைமுறை எண்ணையும் கவனிக்க வேண்டும். 802.11 என்று தொடங்கும் பழைய பெயர்கள் ஜனங்கள் வாயில் நுழையவில்லை என்று 2018-இல் எளிய எண்கள் வைத்தார்கள். வைஃபை 4 என்பது 2009-ஆம் வருஷத்து 'என்' வகை. வைஃபை 5 என்பது 2013-இன் 'ஏசி' வகை. அது 5 ஜிகாஹெர்ட்ஸில் ஓடுவது. அதன் பிறகு வந்தவை 6-ம் 7-ம். புதிய பெட்டியோடு பழைய கணினியும் பேசும். ஆனால் பழைய பாஷையில், பழைய வேகத்தில்தான் பேசும்.

கேபிள் பையன் செய்த சோதனை

இனிக் கதைக்கு வருவோம். இரண்டாவது தொகுப்புப் படத்தை அனுப்ப வேண்டிய கெடுவுக்கு முந்தின சாயங்காலம். பெண் கண்ணைக் கசக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். "மாமா, இன்னிக்கும் போகலேன்னா இந்த வருஷத்துக்கு அவ்வளவுதான்" என்றாள். எனக்கு வாய் அடைத்துவிட்டது. தெருமுனையில் கேபிள் வேலை செய்யும் பையனைக் கூப்பிட்டு வந்தேன்.

அவன் பெட்டியைப் பார்க்கவேயில்லை. பெண்ணின் கைப்பேசியை வாங்கி மடிக்கணினியின் பக்கத்திலேயே வைத்தான். இரண்டிலும் ஒரே சமயத்தில் இணைப்புப் பெயர்களின் பட்டியலைத் திறந்தான். கைப்பேசியில் அந்த வீட்டின் பெயர் இரண்டு இருந்தது. ஒன்று 5 என்று முடிந்தது. மடிக்கணினியில் ஒரே பெயர். கைப்பேசியில் வேகம் பார்த்தான்: 90 மெகாபிட். மடிக்கணினியில்: 2.

"அண்ணாச்சி, பெட்டி நல்லாத்தான் பேசுது. லாப்டாப்புக்குத்தான் காது கேக்கலை" என்றான்.

அந்த மடிக்கணினி மதுரையில் இரண்டாம் கையாக வாங்கியது. அதன் உள்ளே இருந்த வைஃபை அட்டை 2.4 ஒன்றை மட்டும் அறிந்தது. அதுவும் ஒற்றை ஆன்டெனாவில். வாசலில் ஆறு கொம்புப் பெட்டி என்ன பாடினாலும், கேட்பவர் காதில் விழுந்தது தெரு இரைச்சல்தான். போஸ் காட்டிய வேடிக்கையில், மருந்துக்குப் பக்கத்திலிருந்த கருவி தூங்கிப் போனால் எப்படி இருக்கும்? அப்படி இருந்தது நிலைமை.

பிறகு பையன் செய்ததுதான் சாமர்த்தியம். கைப்பேசியைச் சார்ஜ் போடும் கம்பியால் மடிக்கணினியோடு இணைத்தான். கைப்பேசியின் அமைப்பில் 'யு.எஸ்.பி. டெதரிங்' என்பதை இயக்கினான். கைப்பேசி 5 ஜிகாஹெர்ட்ஸில் வாங்கி, கம்பி வழியாகக் கணினிக்குக் கொடுக்க ஆரம்பித்தது. காது கேளாதவருக்குப் பக்கத்தில் இருப்பவர் எடுத்துச் சொல்வது போல. காசு செலவு ஒன்றும் இல்லை.

கணக்கு இதுதான்: 1.2 ஜிகாபைட் என்பது ஏறக்குறைய 9,600 மெகாபிட். நொடிக்கு 2 வீதம் போனால் 80 நிமிஷம். நடுவில் அறுந்தால் அதுவும் வீண். நொடிக்கு 80 வீதம் போனால் 2 நிமிஷம். அன்றிரவு அது சுமார் இரண்டரை நிமிஷத்தில் சென்னை போய்ச் சேர்ந்தது. தாயும் மகளும் திரையைப் பார்த்தபடி சிறிது நேரம் பேசாமல் இருந்தார்கள். பிறகு அந்த அம்மாள் பையனுக்குக் காப்பி போடப் போனார். எனக்கும் கொண்டு வந்தார். அந்தக் காப்பியை நான் குடித்த விதத்தை இங்கே வர்ணிக்க விரும்பவில்லை.

வாங்குமுன் செய்ய வேண்டியவை

இந்த அநுபவத்திலிருந்து நான் கற்றதை வரிசையாகச் சொல்லிவிடுகிறேன். இணைப்புக்கு மூன்று அங்கங்கள் உண்டு: வெளியிலிருந்து வரும் இழை, வீட்டிலுள்ள பெட்டி, கணினியின் காது. பணம் கொடுக்குமுன் எதில் நோய் என்று தெரிந்துகொள்ள வேண்டும்.

முதலில் ஒரு லேன் கம்பியால் கணினியைப் பெட்டியோடு நேரே இணைத்து வேகம் பாருங்கள். அதிலேயே வேகம் இல்லாவிட்டால் கோளாறு இழையில் அல்லது திட்டத்தில். அதற்கு எந்தக் கடையிலும் மருந்து இல்லை, இணைப்புக் கொடுத்தவரைத்தான் கூப்பிட வேண்டும். கம்பியில் வேகம் இருந்தால், கைப்பேசியையும் கணினியையும் பெட்டியின் அருகில் பக்கத்துப் பக்கத்தில் வைத்துச் சோதியுங்கள். கைப்பேசியில் வேகமும் கணினியில் மந்தமும் இருந்தால் கணினியின் காதுதான் கேட்கவில்லை. அருகில் இரண்டும் நன்றாக இருந்து, பின்கட்டுக்குப் போனதும் இரண்டும் மந்தமானால், குற்றம் தூரத்தினுடையது அல்லது சுவரினுடையது. இந்தச் சோதனைக்கு அரைமணி நேரம் போதும். அந்த அரைமணியை மிச்சம் பிடித்துத்தான் நான் அடுத்த வீட்டாருக்கு ஐயாயிரம் செலவு வைத்தேன்.

காது மந்தமான கணினிக்கு எளிய வைத்தியம் ஒரு யு.எஸ்.பி. அடாப்டர். கட்டைவிரல் அளவுள்ள இதை வாங்கும்போது 'இரட்டை அலைவரிசை' உள்ளதா என்று கட்டாயம் கேட்க வேண்டும். வெறும் 2.4 மட்டும் உள்ளது இன்னும் மலிவாகக் கிடைக்கும். அதை வாங்குவது செவிடருக்கு இன்னொரு செவிடரைத் துணை வைப்பதாகும். இரட்டை அலைவரிசை அடாப்டரைச் சாதாரண வீட்டு உபயோகத்துக்கு ஆயிரம் ரூபாய்ச் சுமாரிலேயே வாங்கலாம். மிகச் சிறிய பொத்தான் போன்றதைவிட, சிறு கொம்பு வைத்தது பொதுவாக நன்றாகக் கேட்கும். யு.எஸ்.பி. 3 துளைகளிலும் அவற்றில் மாட்டும் சாதனங்களிலும் எழும் மின் இரைச்சல் 2.4 அலைவரிசையைக் கெடுக்கக்கூடும். ஆகையால் ஒரு சிறிய நீட்டிப்புக் கம்பியில் அடாப்டரைச் சற்றுத் தள்ளி வைப்பது நல்லது. உங்கள் கணினியில் உள்ள இயங்குதளத்துக்கு அது ஒத்துவருமா என்று அட்டைப் பெட்டியில் பார்த்துக்கொள்ளுங்கள்.

உள்ளே உள்ள அட்டையையே மாற்றுவது இன்னொரு வழி. திரையின் சட்டத்துக்குள் ஆன்டெனா ஏற்கெனவே இருப்பதால் வெளியே ஒன்றும் துருத்திக்கொண்டிருக்காது, பயணத்துக்குச் சௌகரியம். ஆனால் கணினியைப் பிரிக்க வேண்டும். அட்டையின் அளவும் பொருந்த வேண்டும். சில கணினிகள் தமது ஜாபிதாவில் இல்லாத அட்டையை ஏற்க மறுத்துவிடும். தெரிந்த மெக்கானிக் இருந்தால் மட்டும் இதில் இறங்கலாம்.

மூன்றாவது வழி, யாரும் மதிக்காத பழைய லேன் கம்பி. கணினி ஒரே மேஜையில் இருந்து உழைப்பதானால் இதற்கு ஈடு எதுவுமில்லை. நூறு மீட்டர் வரை தாங்கும். பக்கத்து வீட்டு இரைச்சல் இதற்குள் நுழையாது.

பெட்டி வாங்குவதானால்

சோதனையில் பெட்டிதான் குற்றவாளி என்று தெரிந்தால், புதிது வாங்குங்கள். அப்போது கொம்புகளை எண்ணாதீர்கள். கொம்பு அதிகம் என்பதால் மாடு அதிகம் பால் கறப்பதில்லை.

அட்டையில் அச்சிட்ட பெரிய எண்ணையும் அப்படியே நம்ப வேண்டாம். 'ஏசி 1200' என்றால் 2.4-இன் 300-ம் 5-இன் 867-ம் கூட்டி, கொசுறும் சேர்த்த கணக்கு. அந்த வகைக் கணினி ஒரு நேரத்தில் ஒன்றில்தான் இருக்கும். அதிலும் காகிதத்து வேகத்தில் பாதி கைக்கு வந்தால் பாக்கியம். இதைவிட முக்கியம், பெட்டியின் பின்புறத்துக் கம்பித் துளை. 1200 என்று மார்தட்டும் சில பெட்டிகளில் அந்தத் துளை நொடிக்கு 100-க்கு மேல் விடாது. உங்கள் திட்டம் 100-க்கு மேற்பட்டதானால், 'கிகாபிட் துளை' என்று கேட்டு வாங்குங்கள். திட்டம் 50 அல்லது 100 என்றால் வைஃபை 5 இரட்டை அலைவரிசைப் பெட்டியே தாராளம். வீட்டில் பல கருவிகள் ஏககாலத்தில் இயங்குவதானால் வைஃபை 6 வாங்குவதில் தவறில்லை. இணைப்புக் கொடுத்தவர் வைத்த பெட்டியிலேயே இரண்டு அலைவரிசையும் இருந்தால், ஒன்றும் வாங்க வேண்டியதே இல்லை. அதையும் முதலில் பாருங்கள்.

பெட்டியை வைக்கும் இடமும் வாங்கும் பணத்துக்குச் சமானம். வீட்டின் நடுவில், ஆள் உயரத்துக்குச் சற்று மேலே, திறந்த இடத்தில் வைக்க வேண்டும். இரும்புப் பீரோவின் பின்னாலும், டெலிவிஷனின் முதுகிலும், தண்ணீர்த் தொட்டி அருகிலும் வைத்தால், இரும்பு அலையைத் திருப்பும், தண்ணீர் விழுங்கும். அழகுக்காக அலமாரிக்குள் பூட்டி வைப்பவர்கள், வேகத்தையும் சேர்த்துப் பூட்டுகிறார்கள். அக்கினி நட்சத்திரத்தில் எங்கள் ஊர் மச்சு வீடு என்ன சூடு ஏறும் என்று சொல்ல வேண்டியதில்லை. பெட்டிக்கும் காற்று வேண்டும்.

மின்தடை உள்ள ஊர்களில் ரவுட்டருக்கென்றே விற்கும் சிறிய யு.பி.எஸ். ஒன்று உபகாரமானது. பெட்டியின் மின்மாற்றியில் 12 வோல்ட் என்று போட்டிருந்தால் 12 வோல்ட்தான் வாங்க வேண்டும். ஆம்பியர் அதில் போட்டதற்குக் குறையக் கூடாது. இடி மின்னலின்போது பெட்டியைச் சுவர்த் துளையிலிருந்து கழற்றிவிடுங்கள். கண்ணாடி இழையில் மின்சாரம் ஏறாது. ஆனால் பெட்டிக்கு வரும் மின்கம்பியில் ஏறும்.

கடைசியாக, பூட்டு. வீட்டு வாசலைப் பூட்டாமல் தூங்குகிறவர் இல்லை. வைஃபையை மட்டும் பெட்டியோடு வந்த கடவுச்சொல்லில் விட்டுவைக்கிறோம். அதையும், பெட்டியின் அமைப்புக்குள் நுழையும் கடவுச்சொல்லையும் முதல் நாளே மாற்றுங்கள். டபிள்யு.ஈ.பி. என்ற பழைய பூட்டு 2001-இலேயே உடைபட்டுவிட்டது; டபிள்யு.பி.ஏ. 2 அல்லது 2018-இல் வந்த டபிள்யு.பி.ஏ. 3-ஐத் தேர்ந்தெடுங்கள். பிள்ளையின் பெயரும் பிறந்த வருஷமும் கடவுச்சொல் ஆகா. அது தெருவுக்கே தெரிந்த ரகசியம்.

ஆறு கொம்புப் பெட்டி எங்கே போயிற்று?

மறுநாளே அந்தப் பெண்ணுக்கு இரட்டை அலைவரிசை அடாப்டர் ஒன்று வாங்கினார்கள். விலை தொள்ளாயிரம் ரூபாய். அதன் பிறகு ஆனி முடிவதற்குள் நான்கு தொகுப்புகள் சென்னைக்குப் போயின.

ஆறு கொம்புப் பெட்டியைக் கடைக்காரர் திரும்ப எடுத்துக்கொள்ள மாட்டார், உறை பிரித்தாகிவிட்டது. "இதை எனக்குக் கொடுத்துவிடுங்கள், வாங்கிய விலையைத் தருகிறேன்" என்றேன். "ஐயையோ அண்ணாச்சி, நல்லதுக்குச் சொன்னீங்க, அதுக்குப் போயி காசா?" என்று அந்த அம்மாள் மறுத்தார். "உங்களுக்காக இல்லை தங்கச்சி, விருதுநகரில் என் தமையனாருக்கு உண்மையாகவே வேண்டும்" என்று சொன்ன பிறகுதான் சம்மதித்தார்.

அது பொய்யும் அல்ல. விருதுநகரில் எங்கள் பூர்விக வீடு பருப்பு, மிளகாய் வற்றல் வியாபாரம் செய்த காலத்தில் கட்டியது. தெருவிலிருந்து பின் சந்து வரைக்கும் ரயில் வண்டி மாதிரி நீளம். சுவர் இரண்டடி கனம். முன்கட்டில் பெட்டி, பின்கட்டில் பேரனின் மடிக்கணினி. கைப்பேசி, கணினி இரண்டுமே அங்கே மந்தம். ஆகவே நோய் சுவர். இப்படிப்பட்ட வீட்டுக்கு நடுவில் ரிப்பீட்டர் வைக்கச் சொல்வார்கள். அது கேட்டதையே திருப்பிச் சொல்லும் கருவி. ஒரே அலைவரிசையில் கேட்கவும் சொல்லவும் செய்வதால் வேகம் பாதியாகும். மெஷ் என்ற கூட்டுப் பெட்டிகள் அதைவிட மேல், விலையும் மேல். நாங்கள் முன்கட்டிலிருந்து பின்கட்டுக்குக் கூரையோரமாக ஒரு லேன் கம்பி இழுத்து, அதன் நுனியில் ஆறு கொம்புப் பெட்டியை 'அக்ஸஸ் பாயிண்ட்' முறையில் வைத்தோம். சிவகாசியில் தண்டமாய் நின்ற பெட்டி விருதுநகரில் உழைக்கிறது. தப்பு பெட்டியுடையது அல்ல, வைத்தியனுடையது என்பதற்கு வேறு சாட்சி வேண்டாம்.

ஆடிப் பதினெட்டன்று அடுத்த வீட்டுப் பெண் புது ஆல்பத்தைக் கொண்டுவந்து காட்டினாள். அவள் அமைத்த படங்கள் மூன்று அதில் இருந்தன. அவளுடைய தாயார் அன்று தீப்பெட்டி ஆபீசுக்குப் போகவில்லை. ஒவ்வொரு பக்கமாகத் திருப்பிப் பார்த்துவிட்டு, மறுபடியும் முதலிலிருந்து ஆரம்பித்தார்.